முதுகில் மஞ்சள்

தரமணியில் வெளியே நாற்பத்தொன்று.
கத்திரி முடிய இன்னும் ஒன்பது நாள்.
விலங்குக்கூடத்தில் எப்போதும் இருபத்திரண்டு,
அதற்கென்று தனி ஜெனரேட்டர்.
கரண்ட் போனால் எங்கள் அறைதான் இருளும்.

செங்குன்றம் ஆலையிலிருந்து மூட்டையில் வரும் உமி
ஆட்டோகிளேவில் வெந்து
கூண்டுக்குள் மெத்தையாகும்.
ஒரு கூண்டுக்கு மூன்று எலி.
பெயர் வைப்பதில்லை.
பிக்ரிக் அமிலம் தொட்ட பஞ்சால்
ஒன்றுக்குத் தலையில் மஞ்சள்,
ஒன்றுக்கு முதுகில்,
மூன்றாவது குறியில்லாதது.
அதுவும் ஒரு குறிதான்.

மருந்தில் பிளாட்டினம் இருக்கிறது,
தி.நகரில் மோதிரமாக விற்கும் அதே உலோகம்.
வெளிச்சம் படாமல் அலுமினியத் தாள் சுற்றி
வயிற்றில் ஊசி.
எதிர்வரிசைக் கூண்டுகளுக்கு வெறும் உப்புநீர்.
அவற்றுக்கும் ஊசி வலித்திருக்கும்;
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வெள்ளெலியின் கண்ணுக்குச் சொந்த நிறம் கிடையாது.
நாம் பார்ப்பது உள்ளே ஓடும் ரத்தத்தை.
அதனால் கருவி சொல்லுமுன் எனக்குத் தெரிந்துவிடும்:
முதல் நாள் மாதுளை முத்து,
பதினான்காம் நாள்
ரோஸ்மில்க் குடித்துவைத்த தம்ளரின் அடி.

"மருந்து ரத்தத்தைக் குடிச்சிடுதாம்மா?"
கூண்டு கழுவியபடி துளசிங்கம் கேட்டார்.
பெரும்பாலும் அப்படியில்லண்ணே.
எலும்புக்குள்ளதான் சிவப்பணு பிறக்குது,
அங்க போய்க் கதவைச் சாத்திடுது.
பழைய அணுவெல்லாம் அறுபது நாள்ல
ஒண்ணொண்ணா ரிட்டையர் ஆயிட்டே இருக்கும்.
புதுசா ஆள் எடுக்கலன்னா?
அவர் தண்ணீர்க் குழாயை நிறுத்தினார்.
"நம்ம டிபார்ட்மென்ட் மாதிரின்னு சொல்லு."

இரண்டு பேரும் சிரித்தோம்.
முதுகில் மஞ்சள் உமியைக் குவித்துக்கொண்டிருந்தது.
கொஞ்சம் குவிக்கும், நிற்கும்,
விலா ஏறி இறங்கும்,
லிஃப்ட் பழுதான ஆஸ்பத்திரியில்
மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தவர் மாதிரி.
பிறகு மறுபடி குவிக்கும்.

கண்ணோரம் கண்ணாடிக் குழல், அரை மில்லி.
ஹீமோகுளோபின் பதினைந்திலிருந்து
எட்டே முக்கால்.
சாயமிட்ட கண்ணாடியில் தேடினேன்:
அன்று பிறந்த இளஞ்சிவப்பணுவாக இருந்தால்
உள்ளே ஒரு நீல வலை தெரியும்,
காசிமேட்டில் காயப்போட்டது
சுருங்கி விழுந்ததுபோல.
உப்புநீர்க் கூட்டத்தில் ஆயிரத்துக்கு முப்பது.
இதில் ஆயிரம் எண்ணி முடிக்கும்வரை
பெருவிரல் கவுன்ட்டரை அழுத்தியது இரண்டே முறை.
மூன்றாவதாக ஒன்று தெரிந்தது.
ஃபோகஸைத் திருப்பினேன்.
சாயத்தின் கசடு.

அட்டவணையில் எழுதினேன்: 2.
நஸ்ரின் மேடம் எட்டிப் பார்த்து
"குட், எதிர்பார்த்ததுதான்" என்றார்.
நாளை மறுநாள் தொடையெலும்பு வேண்டும்.
மஜ்ஜை என்ன நிறத்தில் இருக்கிறதென்று பார்க்க.

ஆறே காலுக்குப் பறக்கும் ரயில்.
கஸ்தூரிபா நகரில் அவர் ஏறினார்,
தலையில் துண்டு,
கக்கத்தில் ஸ்கேன் உறை.
கம்பியைப் பிடித்த கையில்
நகங்கள் மெழுகாக இருந்தன.
ஒன்பது இருக்கும் என்றது மனசு.
இல்லை, எட்டரை.
பெருவிரல் தானாக மடங்கியது.
சட்டென்று எழுந்து இடம் கொடுத்தேன்.

"பரவால்லம்மா" என்றபடியே உட்கார்ந்தார்.
மூச்சு நிதானப்பட கோட்டூர்புரம் ஆனது.
அடையாற்றின் மேலே போகும்போது
என்னை நிமிர்ந்து பார்த்தார்.
"தோள்ல உமி ஒட்டியிருக்கும்மா.
அரிசி மண்டியில வேலையா?"

ஆமாங்க என்றேன்.
தட்டிவிட்டேன்.
ஒன்று மட்டும் துப்பட்டா நூலில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது.
மந்தைவெளி வந்துவிட்டது.